கழுத்து வீங்கினால் முதலில் காலண்டரைப் பாருங்கள்

எங்கள் தெருவில் தைராய்டு மாத்திரை சாப்பிடாத வீடு எத்தனை என்று ஒருநாள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களே மிச்சம். காலையில் வாசல் தெளிப்பதற்கு முன்பே வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "இன்னும் அரை மணி நேரத்துக்குக் காப்பி கிடையாது" என்று அலுத்துக்கொள்ளும் அக்காக்கள், அத்தைகள், கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள். இது எங்கள் தேன்கனிக்கோட்டைக்கு மட்டும் வந்த சங்கதி இல்லை. சென்னை, பெங்களூரு உட்பட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று, பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதாகச் சொன்னது.

அவர்களைப் பயமுறுத்த இந்தப் பதிவை எழுதவில்லை. அவர்களில் மிக மிகச் சிலருக்கே வருகிற தைராய்டு லிம்போமா என்ற நோயைப் பற்றி எழுதுகிறேன். தைராய்டில் வரும் புற்றுநோய்களிலேயே நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகத்தான் இது இருக்கிறது. அவ்வளவு அரிதானதற்கு எதற்கு இத்தனை நீளப் பதிவு என்றால், எங்கள் பெரியம்மாவுக்கு வந்தது. அதைவிட முக்கியமாக, இந்த நோயில் எதை முதலில் செய்கிறோம், எதை அடுத்துச் செய்கிறோம் என்ற வரிசை ரொம்ப முக்கியம். வரிசை சரியாக இருந்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும் கட்டியும் மருந்திலேயே கரைகிறது. வரிசை மாறினால் வீணாக ஒரு ஆபரேஷன், வீணாகச் சில வாரங்கள்.

அட்டிகைக் கொக்கி

பெரியம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அஞ்செட்டி ரோட்டில் கேழ்வரகும் அவரையும் போடுகிற காடு. பதினைந்து வருடத்துக்கும் மேலாகத் தைராய்டு மாத்திரை. தை மாதக் கல்யாணம் ஒன்றில் அட்டிகை போட்டுக்கொண்டு நின்றார். மாசி கடைசியில் காதுகுத்துக்குக் கிளம்பும்போது அதே அட்டிகையின் கொக்கி எட்டவில்லை. "உடம்பு போட்டுட்டேன் போல" என்று சிரித்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார்.

எங்கள் பக்கம் களியை மெல்ல மாட்டார்கள். உருண்டை பிடித்து, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான். அந்தக் களியைப் பெரியம்மா ஒதுக்கிவிட்டு ரசம் சோறு கேட்டபோதுதான் பெரியப்பாவுக்கு உறைத்தது. அதற்குள் குரலும் கரகரத்துப் போயிருந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு ஒரு மாதிரி இரைந்தது.

"ஏன் பெரியம்மா சொல்லல?"

"வலிச்சாத்தானே கண்ணு சொல்றது."

வலி இல்லாததுதான் இந்தக் கட்டியின் குணம். வாரக்கணக்கில் அல்லது இரண்டு மூன்று மாதத்துக்குள் கழுத்தின் முன்பக்கம் மளமளவென்று வளரும். கெட்டியாக இருக்கும். விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், மூச்சிரைப்பு எல்லாம் கட்டி பக்கத்தில் இருக்கும் குழாய்களையும் நரம்பையும் அழுத்துவதால் வருபவை. மற்ற லிம்போமாக்களுக்குச் சொல்லும் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை இறங்குவது இதில் சிலருக்குத்தான் இருக்கும். பெண்களுக்கு ஆண்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம். பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுகளில்.

முதலில் போன கிளினிக்கில் தொண்டைப் புண் என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்து ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். சரியாக இருந்ததால் "தைராய்டு நார்மல், கவலை வேண்டாம்" என்றார்கள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். டி.எஸ்.எச். காட்டுவது சுரப்பி எவ்வளவு சுரக்கிறது என்பதைத்தான். அந்தச் சுரப்பிக்குள் கட்டி வளர்கிறதா என்பதை அது காட்டாது. வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, ரிசல்ட் நார்மல் என்றால், ரிசல்ட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கழுத்துக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஓசூரில் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்போதிலிருந்து?" வீட்டில் ஆளுக்கொரு பதில். ஆறு மாசம் என்றார் ஒருவர், ரெண்டு வாரம் என்றார் இன்னொருவர். தை மாதக் கல்யாணப் போட்டோ என் போனில் இருந்தது. அதில் அட்டிகைக்கு மேலே கழுத்து தட்டையாக இருந்தது. டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், எதிரே இருந்த கழுத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.

நிணநீர்ச் செல்கள் தைராய்டுக்குள் எப்படி வந்தன?

லிம்போமா என்பது நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுமே, அந்த நெறிகளில்தான் அவை குடியிருக்கும். தைராய்டுக்குள் இயல்பாக அவற்றுக்கு இடமே இல்லை. பிறகு எப்படி?

1912-ல் ஜப்பானின் க்யூஷூ பல்கலைக்கழகத்தில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவை சிகிச்சை மருத்துவர், நான்கு பெண்களின் தைராய்டுச் சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்து ஒரு ஜெர்மன் இதழில் எழுதினார். சுரப்பி முழுக்க நிணநீர்ச் செல்கள் நிரம்பிக் கிடப்பதை அவர்தான் முதலில் விவரித்தார். உலகம் அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவரும் சொந்த ஊரான இகாவுக்குத் திரும்பி, குடும்ப மருத்துவமனையில் ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்த்து, 1934-ல் டைஃபாய்டில் இறந்துபோனார். 1956-ல் லண்டனில் ராய்ட், டோனியாக் குழுவினர் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் சொந்தத் தைராய்டையே தாக்கும் எதிர்ப்பொருட்களைக் கண்டுபிடித்தார்கள். உடம்பின் காவல்படை தன் சுரப்பியையே எதிரியாக நினைக்கும் நோய் இது என்று அதற்குப் பிறகுதான் தெளிவாயிற்று. இன்று சுரப்புக் குறைவுக்கு மாத்திரை சாப்பிடும் பலருக்கும் அடியில் இருப்பது இந்த ஹஷிமோட்டோ நோய்தான்.

மழைக்கு ஒதுங்க வந்தவர்கள் திண்ணையிலேயே வருஷக்கணக்காகத் தங்கிக் குடும்பம் நடத்த ஆரம்பித்த கதைதான். தைராய்டைத் தாக்க வந்த நிணநீர்ச் செல்கள் அங்கேயே இருபது, முப்பது வருடம் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பெருகும்போது மரபணுவில் பிழை விழுந்து, எப்போதோ ஒன்று கட்டுக்கடங்காமல் போகிறது. ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு இந்த லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல பத்து மடங்கு கூடுதல். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். அதைப் பல பத்து மடங்காக்கினாலும் சின்ன எண்தான் வரும். ஹஷிமோட்டோ உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆயுள் முழுக்க மாத்திரையோடு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

பெயர் தெரியாமல் கத்தி வேண்டாம்

ஸ்கேனில் சுரப்பியின் ஒரு பக்கம் முழுக்கக் கறுத்துப் பெருத்திருந்தது. உறவுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே எண்ணம்: வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது. பெரியப்பா கேட்டே விட்டார்.

"ஆபரேஷன் பண்ணிடலாமா சார்?"

"முதல்ல இதுக்குப் பேர் என்னன்னு தெரியட்டும்ப்பா. பேர் தெரியாம கத்தி எடுக்கக் கூடாது."

வேகமாக வளரும் கழுத்துக் கட்டிக்கு நான்கைந்து பெயர்கள் இருக்கலாம். ஏற்கெனவே இருந்த கழலைக்குள் ரத்தம் கசிந்தால் ஒரே நாளில் வலியோடு வீங்கும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் தைராய்டு அழற்சியில் தொட்டாலே வலிக்கும். அனப்ளாஸ்டிக் என்ற மூர்க்கமான தைராய்டுப் புற்றுநோய், லிம்போமாவைப் போலவே முதியவர்களுக்கு, அதே வேகத்தில் வரும். அனப்ளாஸ்டிக்கையும் லிம்போமாவையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது கஷ்டம். ஆனால் சிகிச்சையும் முடிவும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அனப்ளாஸ்டிக் என்றால், முழுதாக எடுக்க முடிகிற நிலையில் இருந்தால் எடுக்க வேண்டும். லிம்போமா என்றால் சுரப்பியை எடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்தில் எடுத்தார்கள். ஆனால் சுற்றிலும் பரவிய கட்டியை எடுக்கப் போனால் குரல் நரம்பு அடிபடலாம், கால்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு சுரப்பிகள் போகலாம்.

பெயர் தெரிய வழி, சதை எடுத்துப் பார்ப்பது. சின்ன ஊசியால் செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை முதலில் நடந்தது. "நிணநீர்ச் செல்கள் அதிகம், ஹஷிமோட்டோவாக இருக்கலாம்" என்று வந்தது. ஏற்கெனவே நிணநீர்ச் செல்கள் நிறைந்த சுரப்பியில் நல்லது எது, கெட்டது எது என்று உதிரிச் செல்களை வைத்துச் சொல்வது கடினம். அதனால்தான் அந்த ரிசல்ட்டோடு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது. சற்றுப் பெரிய ஊசியால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே நூல் மாதிரி ஒரு துண்டுச் சதை எடுக்கும் ட்ரூகட் பயாப்ஸி தேவைப்பட்டது. பெரியம்மாவுக்கு மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்தாயிற்று.

அந்தத் துண்டில் இம்யூனோ என்று சொல்லும் சாயச் சோதனைகள் செய்வார்கள். செல்லின் மேல் சிடி20 என்ற அடையாளம் இருக்கிறதா, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்றெல்லாம் அதில்தான் தெரியும். இதற்கு ஒரு வாரம், சில இடங்களில் கூடுதலாகவும் ஆகும். அந்த வாரம்தான் மிகப் பெரிய வாரம்.

ஸ்டீராய்டு ஊசி பற்றி ஒரு வார்த்தை

இடையில் தெரிந்தவர் ஒருவர், "வீக்கம் வத்த ஒரு ஊசி போட்டுக்கலாமே" என்றார். டெக்ஸா ஊசியைத்தான் சொன்னார். வற்றும், உண்மைதான். லிம்போமா செல்கள் ஸ்டீராய்டுக்கு வேகமாக மசியும், சில நாளில் கட்டி சுருங்கும். பிறகு எடுக்கும் பயாப்ஸியில் உயிருள்ள செல்லே கிடைக்காமல் போகலாம். கட்டி திரும்ப வளர்வதற்குக் காத்திருந்து மறுபடி ஊசி குத்த வேண்டும். ஆகவே துண்டுச் சதை எடுத்த பிறகுதான் ஸ்டீராய்டு.

ஒரே விலக்கு மூச்சு. மூச்சு உள்ளே போகும்போது சீழ்க்கை மாதிரிச் சத்தம், படுக்கவே முடியவில்லை, பேச்சு பாதியில் நிற்கிறது என்றால் பயாப்ஸிக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். மூச்சுக்குழாயைக் காப்பதுதான் அப்போது வைத்தியம். சதையை அதற்கு இடையிலேயே எப்படி எடுப்பது என்று டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு முக்கிய வகைகள், இரண்டு பாதைகள்

தைராய்டு லிம்போமாவில் பாதிக்கு மேல் டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் என்ற வேகமான வகை. அடுத்தபடியாக வருவது மால்ட் என்ற மெதுவான வகை. 1983-ல் பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற இருவர் முதலில் விவரித்தது.

மால்ட் வகை தைராய்டோடு நின்றிருந்தால் கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு, மட்டுமே பெரும்பாலும் போதும். 24 முதல் 30 கிரே அளவு, மூன்று வாரம் போல, வாரத்துக்கு ஐந்து நாள். சிலருக்குச் சுரப்பியை எடுப்பதும் உண்டு. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நன்றாக இருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு வந்தது வேகமான வகை. இதற்கு ஆர்-சாப் என்ற கீமோ மருந்துக் கூட்டு, 21 நாளுக்கு ஒருமுறை. நோய் எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று நான்கு சுற்றும் அதன் பின் கரண்டும், அல்லது ஆறு சுற்று. இந்த வகையிலும் கழுத்தோடு நின்ற நோயாளிகளில் பெரும்பாலானோர் பிழைத்து எழுகிறார்கள்.

ஐந்து மருந்துகள். சைக்ளோபாஸ்பமைடு ஒன்று. டாக்ஸோரூபிசின், வார்டில் எல்லாரும் சொல்கிற ‘சிவப்பு மருந்து’. ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. வின்கிறிஸ்டின், விரல் நுனி மதமதப்பும் மலச்சிக்கலும் தருவது. ஐந்து நாள் பிரட்னிசோலோன் மாத்திரை. சுகர் இருப்பவர்களுக்கு அந்த ஐந்து நாளும் சுகர் ஏறும். இவற்றோடு ‘ஆர்’ என்கிற ரிட்டுக்சிமாப். செல்லின் மேலிருக்கும் அந்த சிடி20 அடையாளத்தைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் மருந்து. முதல் தடவை ஏற்றும்போது குளிர், நடுக்கம் வரலாம் என்பதால் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள்.

ரிட்டுக்சிமாபுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1997-ல். அதைச் சாப் மருந்துகளோடு சேர்த்தால் கூடுதல் பேர் பிழைக்கிறார்கள் என்று பிரான்சின் ஆய்வு 2002-ல் காட்டியது. ஆனால் விலை நம் மக்கள் தொட முடியாத உயரத்தில் இருந்தது. 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதே மருந்தின் இந்திய வடிவத்தை ரெடிடக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. பின்னர் வேறு இந்திய நிறுவனங்களும் வந்தன, விலை இறங்கியது. பெரியம்மா மாதிரி காட்டு வேலை செய்கிறவர்களுக்கு ‘ஆர்’ கிடைப்பதற்கு அந்த 2007 ஒரு முக்கியக் காரணம்.

கீமோ தொடங்குமுன் சில சோதனைகள் உண்டு. சிவப்பு மருந்து இதயத்தைத் தொடும் என்பதால் எக்கோ. ரிட்டுக்சிமாப் உள்ளே தூங்கிக் கிடக்கும் மஞ்சள் காமாலை பி வைரஸை எழுப்பிவிடலாம் என்பதால் அதற்கான ரத்தச் சோதனை. நோய் எங்கெங்கே என்று பார்க்க பெட் ஸ்கேன். ஹஷிமோட்டோ இருக்கும் தைராய்டும் பெட் ஸ்கேனில் ஒளிரும், ஆகவே அந்த ரிப்போர்ட்டை நாமே படித்துப் பதறாமல் டாக்டர் சொல்வதைக் கேட்பது நல்லது.

அத்திப்பள்ளி தாண்டும் முன்

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் சென்னையைவிட பெங்களூருதான் கிட்ட. ஓசூர் போய் பஸ் மாறினால் அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி அதே ரோட்டிலேயே கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை வந்துவிடும். 1973-லிருந்து இருக்கிறது, எல்லைக்கு இந்தப் பக்கம் பலருக்குத் தெரிந்த பெயர். மறுபக்கம் வேலூர் சி.எம்.சி. சென்னையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். எது என்று முடிவெடுக்கும் முன் இரண்டு விஷயம்.

ஒன்று, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அது எல்லை தாண்டிச் செல்லுமா, எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதை நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலோ 104 மருத்துவ உதவி எண்ணிலோ கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். அங்கே போய் கவுண்டரில் நின்று தெரிந்துகொள்வது ரொம்பக் கஷ்டம்.

இரண்டு, பயாப்ஸியின் மெழுகுக் கட்டை. லேப்காரர்கள் ‘பிளாக்’ என்பார்கள். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி சதை எடுக்கச் சொல்லலாம். பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோனால், அதிலேயே அவர்கள் மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்வார்கள்.

நாங்கள் போனது பெங்களூருக்கு. பெரியம்மாவுக்கு அங்கே மொழிக் கஷ்டமே இல்லை. சந்தையில் தெலுங்கு, வீட்டில் தமிழ், எல்லை தாண்டினால் கன்னடம் என்று பழகிய நாக்கு. நர்ஸிடம் கன்னடத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். நான்தான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, மிச்ச லீவை எண்ணிக்கொண்டு நடந்தேன்.

காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்

முதல் சுற்று முடிந்த சில நாட்களிலேயே கழுத்து இளகிவிட்டது. இரண்டாவது சுற்றுக்குள் குரல் திரும்பியது. கட்டி அப்படிக் கரைவதைப் பார்க்கிறபோது நம்பவே முடியாது. ஆனால் வேகமாகச் சாகும் செல்களின் கழிவு சிறுநீரகத்தில் போய் அடைக்கலாம். அதனால்தான் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பதும்.

மிகப் பெரிய ஆபத்து காய்ச்சல். கீமோ போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கும். அப்போது 100.4 டிகிரி காட்டினால் அது அவசரம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்துக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. கேழ்வரகு முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக இறங்கும். ராத்திரியில் காட்டு ரோட்டில் வண்டி எடுக்கவே யோசிக்க வேண்டும். ஆகவே பெரியம்மாவைச் சிகிச்சை முடியும் வரை காட்டு வீட்டில் விடாமல் டவுனில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். தெர்மாமீட்டர் ஒன்று, எந்நேரமும் கூப்பிடக்கூடிய ஒரு ஆட்டோக்காரர் நம்பர், ஓசூரில் ராத்திரியிலும் ஐ.வி. ஆன்டிபயாடிக் போடுகிற ஆஸ்பத்திரி எது என்ற விவரம். இவை மூன்றையும் முதல் கீமோவுக்கு முன்பே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சுடச்சுடச் சமைத்தது, கழுவியது, வேகவைத்தது. ஒரு தம்ளர் கஷாயம், ஒரு நாட்டு மருந்து என்று வருகிற எல்லா அன்பையும் டாக்டரிடம் கேட்காமல் உள்ளே விட வேண்டாம். தைராய்டு மாத்திரையை நிறுத்தவே கூடாது. கரண்ட் வைத்த பிறகு சுரப்பு இன்னும் குறையலாம், அளவைக் கூட்ட வேண்டிவரலாம்.

பெரியம்மா இப்போது களி விழுங்குகிறார். முடி முளைத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப்.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் கேள்வி

"நானும் பத்து வருஷமா மாத்திரை போடறேன். எனக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?" பதிவு எழுதுகிறேன் என்று தெரிந்ததும் தெருவில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம் அக்கா. இதற்கென்று வருடாவருடம் ஸ்கேன் எடுக்கச் சொல்லி எந்த மருத்துவ விதியும் இல்லை. வருஷக்கணக்கில் ஒரே அளவில் இருக்கிற கழலைக்கு உங்கள் வழக்கமான டாக்டர் போதும். வாரக்கணக்கில் வளர்வது என்றால் அந்த வாரமே ஸ்கேன், அதற்கடுத்து துண்டுச் சதை, அது வரும் வரை கத்தியும் வேண்டாம் ஸ்டீராய்டும் வேண்டாம். மூச்சு இழுத்தால் மட்டும் இந்த வரிசை எதுவும் கிடையாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.